வீடும் விடுதலும்

கிரேக்க மொழியில் 'அப்பொலூவோ' என்றொரு வினைச்சொல் உண்டு. கட்டினை அவிழ்த்து அப்பால் விடுதல் என்பது அதன் வேர்ப்பொருள். ஓமரின் இலியத்து என்னும் காப்பியத்தில், மீட்புப் பொருள் பெற்றுச் சிறைப்பட்டோரை விடுவித்தலை அது குறித்தது. பின்னர் அதென்சு நகர மன்றங்களில் குற்றச்சாட்டினின்று விடுவித்தலுக்கும் அதுவே வழங்கிற்று.

புதிய ஏற்பாட்டில் அச்சொல் 60க்கு மேற்பட்ட இடங்களில் வருகின்றது. 1871இல் வெளிவந்த தமிழ் விவிலியம் அதனை இடத்துக்கு ஏற்பப் பிரித்தாண்டது. பரபாசை 'விடுதலையாக்குதல்', மக்கட் கூட்டத்தை 'அனுப்பிவிடுதல்', முதியோன் சிமியோனை இறைவன் 'போகவிடுதல்', கணவன் மனைவியைத் 'தள்ளிவிடுதல்'. நான்கிலும் 'விடு' என்னும் தமிழ்வேர் நிற்றல் காண்க. ஆயினும் இறுதிச் சொல்லில் மட்டும் ஒரு கை வந்து தள்ளுகின்றது. கிரேக்க வேரில் அக்கை இல்லை. மொழிபெயர்த்தோரைக் குறை கூறுவதற்கில்லை. பண்டை யூத வழக்கில், கணவன் தள்ளுதற்சீட்டு எழுதிக் கொடுத்து, மனைவியைத் தன் வீட்டினின்று அனுப்பினான். வீடு அவனுடையது, ஆதலின் தள்ளுதல் அங்கே பொருந்திற்று.

1814இல் வெசுலியன் சபைத் தொண்டரான வில்லியம் ஓல்ட் மட்டக்களப்புக்கு வந்து பள்ளி தொடங்கினார். மறு ஆண்டே மறைந்தார். அவர் வந்திறங்கிய வாவிக்கரையிலோ நிலைமை நேர்மாறானது. அங்கே குடி தாய்வழி வருவது. வீடும் வளவும் மகளுக்குச் சீதனமாகும். மணமகன் அவள் வீட்டுக்கு வந்து வாழ்வான். தாய்வழி உரிமையைப் பேணிய முக்குவர் சட்டத்தை 1876இல் கிறித்தோபர் பிரிட்டோ நூலாக வெளியிட்டார். அதே ஆண்டின் 15ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம் அவ்வழக்கின் சட்ட வலுவை நீக்கியது. ஆயினும் சீதன வீடு நீங்கவில்லை.

இத்தகைய மனையில் இருந்துகொண்டு, மனைவியைத் தள்ளிவிடுகிறவன் என்னும் தொடரைக் கேட்கும் பெண் என்ன எண்ணுவாள்? எங்கிருந்து தள்ளுவது? அவளுக்கு அணுக்கமானது மாற்கு நற்செய்தியின் பத்தாம் அதிகாரமே. அங்கே அதே கிரேக்க வினை, மனைவி கணவனை விடுதற்கும் ஆளப்படுகின்றது. உரோமச் சட்டத்தில் பெண்ணுக்கும் அவ்வுரிமை இருந்தமையைக் கருதின் அது வியப்பன்று.

இலங்கையின் 1907ஆம் ஆண்டு விவாகப் பதிவுச் சட்டம் மணமுறிவுக்கு ஏற்ற காரணங்களுள் ஒன்றாக, தீய நோக்குடன் கைவிட்டுச் செல்லுதலைக் கூறும். அங்கும் 'விடு' வந்து நிற்கின்றது. ஆனால் சீதன வீட்டில், விட்டுச் செல்பவன் பெரும்பாலும் வாயிலைத் தானே கடக்க வேண்டியவன். தமிழில் 'வீடு' என்னும் சொல்லே 'விடு' என்பதன் முதனிலை நீண்டது. மனையையும் விடுதலையையும் அது ஒருங்கே சுட்டும்.

காத்தான்குடி முதலிய வாவிக்கரை ஊர்களின் முசிலிம் மக்களிடையேயும் வீடு மகளுக்கே செல்லும். அவர்தம் மணமுறிவுக்கு 1951ஆம் ஆண்டின் 13ஆம் இலக்கச் சட்டப்படி காதி நீதிமன்றம் உண்டு. 'தலாக்' என்னும் அரபுச் சொல்லுக்கும் கட்டவிழ்த்தல் என்பதே வேர்ப்பொருள். அச்சொல்லைச் சொல்லும் உரிமை கணவனுக்கு உண்டு. சொல்லிய பின் துணிமணிகளை எடுத்துக்கொண்டு தாய்வீடு செல்பவனும் அவனே.