பர்க்: ஒரு கொலை வினைச்சொல்லின் வரலாறு

பர்க் என்பது ஆங்கிலத்தில் 1829-இல் வழக்குக்கு வந்த வினைச்சொல். ஒருவரின் வாயையும் மூக்கையும் பொத்தி, மார்பின் மேல் பாரம் கொடுத்து, உடலில் காயம் தெரியாதபடி மூச்சடைத்துக் கொல்வதை அது முதலில் குறித்தது. சில ஆண்டுகளுக்குள்ளாகவே ஒரு விசாரணையை, விவாதத்தை, புத்தகத்தைச் சத்தமில்லாமல் அமுக்கிவிடுவதற்கும் அதே சொல் பயன்படலாயிற்று. எடின்பரோ நகரில் தூக்கிலிடப்பட்ட வில்லியம் பர்க்கின் பெயரிலிருந்து வந்தது. அரசியல் சிந்தனையாளர் எட்மண்ட் பர்க்குக்கும் இதற்கும் தொடர்பில்லை.

மூச்சை நிறுத்துவதைச் சொல்ல ஆங்கிலத்தில் வினைச்சொற்களுக்குப் பஞ்சமே இல்லை. கயிற்றாலோ கையாலோ கழுத்தை நெரித்தால் ஸ்ட்ராங்கிள். சுருக்குக் கயிற்றைக் குறித்த கிரேக்கச் சொல்லிலிருந்து லத்தீன் வழியாக வந்தது. த்ராட்டில் என்பது தொண்டைக்கான ஆங்கிலச் சொல்லிலிருந்து கிளைத்தது. அது பிற்காலத்தில் எஞ்சினுக்குள் போகும் நீராவியை அடக்கும் வால்வுக்குப் பெயராகி, இன்று மோட்டார் சைக்கிள் ஓட்டுபவரின் வலக்கைப் பிடியில் இருக்கிறது. சோக் என்பதற்குக் கொல்பவர் தேவையில்லை. தொண்டையில் சிக்கிய ஒரு கவளம் போதும். ஸ்மதர் அடர்புகையைக் குறித்த சொல்லுக்கு உறவு. தலையணையாலும் போர்வையாலும் மூடுவதற்கு அதுவே பொருத்தமான சொல். ஸ்டைஃபிள் பெரும்பாலும் கொட்டாவியையும் அழுகையையும் எதிர்ப்புக் குரலையும் அடக்கவே பயன்படுகிறது. மருத்துவர்களின் சொல்லான அஸ்ஃபிக்சியாவின் கிரேக்கப் பொருள் நாடித்துடிப்பு இல்லாமை என்பதே. மூச்சு அதில் பிறகுதான் வந்து சேர்ந்தது. இவற்றில் எதற்கும் பிறந்த நாளோ ஊரோ சொல்ல முடியாது. பர்க்குக்கு இரண்டும் உண்டு.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எடின்பரோ ஐரோப்பாவின் முன்னணி மருத்துவக் கல்வி நகரங்களில் ஒன்று. உடற்கூறியல் கற்கப் பிணம் வேண்டும். பிரிட்டனில் அதற்குச் சட்டப்படி கிடைத்தவை முக்கியமாகத் தூக்கிலிடப்பட்ட கொலையாளிகளின் உடல்கள். மாணவர் கூட்டமோ பெருகிக்கொண்டே போனது. பற்றாக்குறையைத் தீர்த்தவர்கள் இரவில் கல்லறைகளைத் தோண்டிப் புதுப்பிணம் எடுத்து விற்றவர்கள். அவர்களுக்கு அஞ்சி, உறவினர்கள் புதைகுழிகளின் மேல் இரும்புக் கூண்டு பூட்டினார்கள். எடின்பரோவின் கிரேஃபிரையர்ஸ் கல்லறைத் தோட்டத்தில் அத்தகைய கூண்டுகளை இன்றும் பார்க்கலாம்.

வில்லியம் பர்க், வில்லியம் ஹேர் இருவரும் அயர்லாந்திலிருந்து பிழைப்புத் தேடி வந்தவர்கள். வெஸ்ட் போர்ட் பகுதியில் ஹேர் தம்பதி ஏழைகளுக்கான தங்கும் விடுதி நடத்தினார்கள். 1827 நவம்பரில், 4 பவுன் வாடகை பாக்கி வைத்திருந்த முதிய முன்னாள் ராணுவ வீரர் ஒருவர் அங்கே நோயால் இறந்தார். பர்க்கும் ஹேரும் சவப்பெட்டியில் வேறெதையோ நிரப்பிவிட்டு, அவர் உடலை டாக்டர் ராபர்ட் நாக்ஸின் உடற்கூறியல் பள்ளியில் 7 பவுன் 10 ஷில்லிங்குக்கு விற்றார்கள். யாரும் கேள்வி கேட்கவில்லை. அடுத்த பத்து, பன்னிரண்டு மாதங்களில் 16 பேரைக் கொன்று, ஓர் உடலுக்கு 8 முதல் 10 பவுன் வரை அங்கேயே வாங்கினார்கள்.

ஆளைக் குடிக்க வைத்து, மயங்கியதும் ஒருவர் வாயையும் மூக்கையும் பொத்துவார். இன்னொருவர் மார்பின் மேல் படுத்துக்கொள்வார். கத்திக் காயமும் கயிற்றுத் தடமும் இருந்தால் உடலின் விலை போய்விடும், சந்தேகமும் வரும். விற்பதற்காகவே உருவான கொலைமுறை இது. இறந்தவர்கள் பெரும்பாலும் வழிப்போக்கர்கள், பிச்சையெடுத்தவர்கள், ஊர் மாறி வந்த பெண்கள். சிலருடைய பெயர்கூடப் பதிவாகவில்லை. ஜேமி வில்சன் அப்படியல்ல. மனவளர்ச்சி குன்றிய அந்தப் பதினெட்டு வயது இளைஞனைத் தெருவில் எல்லோருக்கும் தெரியும். மேசையில் கிடந்த உடலை மாணவர்கள் சிலர் அடையாளம் கண்டதாகவும், நாக்ஸ் மறுத்ததாகவும் அக்காலத்திலேயே பேச்சு இருந்தது.

1828 அக்டோபர் 31 இரவு மார்கரெட் டாக்கர்ட்டி கொல்லப்பட்டார். மறுநாள், கிரே என்ற தம்பதி வைக்கோலுக்கடியில் அவர் உடலைக் கண்டார்கள். வாரம் 10 பவுன் தருவதாக ஆசை காட்டியும் மசியாமல் போலீசிடம் போனார்கள். தாங்களே ஏழைகளாக இருந்த அந்த இருவரும் இந்தக் கதையில் மிக மதிக்கத்தக்கவர்கள். உடலைப் பரிசோதித்தவர்களில் ஒருவரான ராபர்ட் கிறிஸ்டிசன், மூச்சடைத்துக் கொன்றிருக்க வாய்ப்பு அதிகம் என்றார்; மருத்துவ அடையாளங்களை மட்டும் வைத்து உறுதியாகச் சொல்ல அவரால் முடியவில்லை. அதனால்தான் அரசுத் தரப்பு ஹேரை அப்ரூவராக மாற்றியது. டிசம்பர் 24 காலை தொடங்கிய வழக்கு இரவெல்லாம் நடந்து, கிறிஸ்துமஸ் காலையில் பர்க்குக்கு மரண தண்டனையுடன் முடிந்தது. 1829 ஜனவரி 28 அன்று பெருங்கூட்டத்தின் முன் அவரைத் தூக்கிலிட்டார்கள். உடல் பல்கலைக்கழகத்தில் அறுக்கப்பட்டது. எலும்புக்கூடு எடின்பரோ பல்கலைக்கழக உடற்கூறியல் அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

சொல் பிறந்தது தூக்குமேடையைச் சுற்றி நின்ற கூட்டத்தில்தான். கயிறு வேண்டாம், அவனையும் பர்க் செய்யுங்கள் என்று மக்கள் கத்தினார்கள். அந்த ஆண்டிலேயே செய்தித்தாள்கள் அதை எடுத்துக்கொண்டன.

ஆத்திரத்தை ஹேர் பக்கமும் திருப்ப மக்களுக்குக் காரணம் இருந்தது. ஜேமியின் தாயும் சகோதரியும் ஹேர் மேல் தனி வழக்குத் தொடர முயன்றபோது, அப்ரூவருக்குக் கொடுத்த பாதுகாப்பைக் காட்டி நீதிமன்றம் அதைத் தடுத்தது. பிப்ரவரியில் ஹேர் விடுதலையானார். நாக்ஸ் சாட்சிக் கூண்டில்கூட ஏறவில்லை. ஒரு தனிக் குழு கூடி, அவருக்குக் கொலைகள் தெரியாது என்று அறிக்கை கொடுத்தது. பதினாறு புது உடல்களை விலை கொடுத்து வாங்கிய இடத்தில் யாருக்கும் எதுவும் தோன்றவில்லை என்பதை ஏற்பது கடினம். அந்தச் சொல் பின்னால் பெற்ற இரண்டாம் பொருள் இந்த வழக்குக்கே பொருந்துகிறது.

அடுத்த மூன்று ஆண்டுகள் அச்சத்தின் காலம். லண்டனில் 1831 நவம்பரில் ஜான் பிஷப்பும் தாமஸ் வில்லியம்ஸும் ஒரு சிறுவனின் உடலை கிங்ஸ் கல்லூரிக்கு விற்கக் கொண்டுவந்தார்கள். சந்தேகப்பட்ட அக்கல்லூரி உடற்கூறியலாளர் ரிச்சர்ட் பார்ட்ரிட்ஜ், 50 பவுன் நோட்டுக்குச் சில்லறை இல்லை என்று சொல்லிக் காக்க வைத்து, போலீசை வரவழைத்தார். பிஷப் கும்பல் ஆட்களை மயக்க மருந்து கொடுத்துக் கிணற்றில் தலைகீழாக இறக்கிக் கொன்றது, மூச்சைப் பொத்தவில்லை. ஆனாலும் லண்டன் பர்க்கர்கள் என்றே பெயர் பெற்றார்கள். அதற்குள் சொல்லின் பொருள், பிணத்துக்காகக் கொல்வது என்று விரிந்துவிட்டது. அதே டிசம்பரில் அபர்டீன் நகரில் ஓர் உடற்கூறியல் கூடத்தின் பின்புறம் நாய் ஒன்று மனித உடற்பாகத்தைத் தோண்டி எடுக்க, மக்கள் பர்க் வீடு என்று சொல்லி அதைக் கொளுத்தினார்கள். 1832-இல் காலரா பரவியபோது லிவர்பூலில் கலவரம் மூண்டது; நோயாளிகளை அறுப்பதற்காகவே கொல்கிறார்கள் என்று நம்பிய கூட்டம் மருத்துவர்களை பர்க்கர்கள் என்று கூவி விரட்டியது.

1832-இல் ஹென்றி வார்பர்ட்டன் கொண்டுவந்த உடற்கூறியல் சட்டம் நிறைவேறியது. கொலையாளிகளை அறுக்கும் தண்டனை ஒழிந்தது. அதற்குப் பதிலாக, ஏழைகள் விடுதிகளிலும் மருத்துவமனைகளிலும் இறந்து, உரிமை கோர ஆளில்லாத உடல்கள் கல்லூரிகளுக்குப் போயின. பிணத்துக்காகக் கொல்லும் வியாபாரத்தை இச்சட்டம் முடித்துவைத்தது உண்மை. மேசைக்குப் போனவர்கள் மட்டும் முன்போலவே வறியவர்கள்.

கொலை அச்சம் அடங்கிய பின் சொல் நாடாளுமன்றத்துக்கும் பத்திரிகைகளுக்கும் குடிபெயர்ந்தது. ஒரு கேள்வியை, அறிக்கையை பர்க் செய்துவிட்டார்கள் என்றால், மறுத்துப் பேசித் தோற்கடிக்கவில்லை, வெளியே வராதபடி அமுக்கினார்கள் என்று பொருள். ஸ்டைஃபிளில் இல்லாத ஒரு குற்றச்சாட்டு இதில் உண்டு: தடயம் விடாமல் செய்ததாக. இந்திய நீதிமன்றத் தீர்ப்புகளின் ஆங்கிலத்திலும் இந்தப் பொருள் தலைகாட்டுகிறது. பிரிட்டனின் அன்றாடப் பேச்சில் அது அநேகமாக மறைந்துவிட்டது.

முதற்பொருள் மருத்துவப் பாடத்தில் உயிரோடிருக்கிறது. இந்தியக் கல்லூரிகளின் சட்ட மருத்துவப் பாடநூல்கள் பர்க்கிங் என்பதை, வாய் மூக்குப் பொத்துதலும் மார்பை அழுத்துதலும் சேர்ந்த மூச்சடைப்புக் கொலை என்று வரையறுக்கின்றன. குழந்தை, முதியவர், போதையில் இருப்பவர் போல எதிர்த்துப் போராட முடியாதவரை மென்மையான பொருளால் பொத்திக் கொன்றால் புற அடையாளம் மிகக் குறைவாகவே இருக்கும். கிறிஸ்டிசனைத் திணறவைத்த அந்தச் சிக்கல் இன்றைய பிரேதப் பரிசோதனையிலும் முழுதாகத் தீரவில்லை. உடல் கிடந்த இடத்தையும் சூழலையும் சேர்த்தே மருத்துவர் முடிவுக்கு வர வேண்டியிருக்கிறது.