வளரும் பிள்ளையும் வளரும் நோயும்: ஒரு அளவுகோலின் வரலாறு

அரிசியை அளக்க படி இருக்கிறது. துணியை அளக்க மீட்டர் இருக்கிறது. காய்ச்சலை அளக்க தெர்மாமீட்டர் இருக்கிறது. ஆனால் ஒரு குழந்தையின் நரம்பு நோய் போன வருடத்தை விட இந்த வருடம் கூடியிருக்கிறதா, குறைந்திருக்கிறதா என்பதை எதைக் கொண்டு அளப்பது? சாதாரணமாகத் தோன்றும் இந்தக் கேள்விக்கு ஏற்கத்தக்க ஒரு விடை கிடைக்க மருத்துவ உலகத்துக்கு 126 ஆண்டுகள் ஆகின. அந்தக் கதைதான் இது.

மூன்று பேர், ஒரு நோய்

1886ஆம் ஆண்டு பாரிஸ் நகரில் ழான் மார்ட்டின் ஷார்கோ, பியர் மாரி என்ற இரு மருத்துவர்கள் ஒரு விநோதமான நோயைப் பற்றி எழுதினார்கள். அதே ஆண்டு இங்கிலாந்தில் ஹோவர்ட் ஹென்றி டூத் என்பவர் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்துக்கு அளித்த ஆய்வேட்டில் அதே நோயை விவரித்தார். மூவர் பெயரையும் சேர்த்து 'ஷார்கோ-மாரி-டூத் நோய்' என்று அழைக்கிறார்கள். சுருக்கமாக சி.எம்.டி.

இது பரம்பரையாக வரும் நோய். சுமார் 2500 பேரில் ஒருவருக்கு இருப்பதாகக் கணக்கிடுகிறார்கள். முதலில் பாதத்தில் தொடங்கும். உள்ளங்கால் வளைவு உயரும், விரல்கள் மடங்கும், கெண்டைக்கால் மெலியும். நடக்கும்போது பாதத்தைத் தூக்க முடியாமல் பிள்ளை அடிக்கடி தடுக்கி விழும். பிறகு கைக்கு வரும். சட்டைப் பொத்தான் போடுவதும் பேனா பிடிப்பதும் கடினமாகும். பெரும்பாலோருக்கு ஆயுள் குறைவதில்லை. ஆனால் வாழ்நாள் முழுவதும் கூடவே வரும்.

கோளாறு முதுகுத் தண்டில் இருக்கலாம் என்று ஷார்கோவும் மாரியும் நினைத்தார்கள். இல்லை, கை கால்களுக்குப் போகும் நரம்பில்தான் என்றார் டூத். டூத் சொன்னதே சரி என்று பின்னாளில் தெரிந்தது.

முதல் அளவுகோல்: வேகம்

இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் நரம்பில் செய்தி ஓடும் வேகத்தை மின்சாரம் கொண்டு அளக்கும் முறை வந்தது. 1980இல் ஹார்டிங், தாமஸ் என்ற இருவர் கை நரம்பின் வேகத்தை வைத்து நோயை இரண்டாகப் பிரித்தார்கள். வினாடிக்கு 38 மீட்டருக்குக் கீழே போனால் முதல் வகை, மேலே இருந்தால் இரண்டாம் வகை. முதல் வகையில் நரம்பைச் சுற்றியுள்ள உறை கெடுகிறது. இரண்டாம் வகையில் உள்ளே இருக்கும் இழையே கெடுகிறது.

1991இல் அடுத்த திருப்பம். முதல் வகையிலேயே அதிகம் காணப்படும் 1ஏ பிரிவுக்குக் காரணம், 17ஆவது குரோமோசோமில் ஒரு சிறு பகுதி இரட்டிப்பாக இருப்பதே என்று கண்டுபிடித்தார்கள். நோய் யாருக்கு இருக்கிறது என்பதை இனி உறுதியாகச் சொல்லலாம். ஆனால் எவ்வளவு இருக்கிறது என்று சொல்ல முடியுமா?

வைட்டமின் சி கொடுத்த நம்பிக்கை

2004இல் பிரான்சில் ஒரு குழு, இந்த நோய் உள்ள எலிகளுக்கு வைட்டமின் சி கொடுத்தபோது அவை தேறியதாக அறிவித்தது. மலிவான, எங்கும் கிடைக்கும் மாத்திரை! பெற்றோர்களின் நம்பிக்கையைச் சொல்லவா வேண்டும்?

ஆஸ்திரேலியாவின் சிட்னியில் ஜோஷுவா பர்ன்ஸ் குழுவினர் 2 முதல் 16 வயது வரையுள்ள 81 பிள்ளைகளை வைத்துச் சோதித்தார்கள். சிலருக்கு வைட்டமின் சி, சிலருக்குப் போலி மாத்திரை. யாருக்கு எது என்பது பிள்ளைகளுக்கும் தெரியாது, அளப்பவர்களுக்கும் தெரியாது. ஒரு வருடம் கழித்து முக்கியமாகப் பார்த்தது கை நரம்பின் வேகத்தை. முடிவு 2009இல் வந்தது. குறிப்பிடத்தக்க வித்தியாசம் எதுவும் இல்லை. பலம், கை வேலை, நடை ஆகியவற்றிலும் பலன் தெரியவில்லை. பெரியவர்களிடம் பிறகு நடந்த பெரிய சோதனைகளும் மருந்துக்குச் சாதகமாக வரவில்லை.

மருந்து கைவிட்டது. ஆனால் இந்தச் சோதனைகள் இன்னொரு குறையையும் வெளிச்சம் போட்டுக் காட்டின. 1ஏ வகையில் நரம்பின் வேகம் சிறு வயதிலேயே குறைந்துவிடுகிறது. அதற்குப் பிறகு பெரிதாக மாறுவதில்லை. பலவீனத்தைக் கூட்டுவது உள்ளே இழைகள் அழிவதுதான். அதாவது வேகம் என்பது நோயைக் கண்டுபிடிக்க நல்ல கருவி, நோயின் போக்கைப் பின்தொடர மோசமான கருவி. முள் நகராத தராசில் எதை வைத்தாலும் ஒரே எடைதானே!

குழந்தைகளிடம் தனிச் சிக்கல்

2005இல் பெரியவர்களுக்காக 36 புள்ளி அளவுகோல் ஒன்று வந்தது. அது பிள்ளைகளுக்கு ஒத்துவரவில்லை. ஆரம்ப நிலையில் உள்ள சிறிய மாற்றங்கள் அதில் பதியாது.

இதைவிடப் பெரிய சிக்கல், பிள்ளைகள் வளர்கிறார்கள் என்பது. எட்டு வயதில் ஒரு சிறுவன் ஒரு அளவு பலத்தோடு பாதத்தைத் தூக்குகிறான். பத்து வயதில் அதைவிட அதிக பலம் காட்டுகிறான். நோய் குறைந்துவிட்டதா? இல்லை. அவன் வகுப்புத் தோழர்கள் அதற்குள் இன்னும் எங்கோ போய்விட்டார்கள்.

வணிகவியல் படிப்பவர்களுக்கு இது புதிதல்ல. சம்பளம் 5 சதவீதம் உயர்ந்து, விலைவாசி 8 சதவீதம் உயர்ந்தால் அது உயர்வா, இழப்பா? பணவீக்கத்தைக் கழித்துப் பார்த்தால்தான் உண்மை தெரியும். அதுபோல வளர்ச்சியைக் கழித்துப் பார்த்தால்தான் நோய் தெரியும்.

2012: பதினொரு சோதனைகள்

பர்ன்ஸும் பல நாட்டு மருத்துவர்களும் சேர்ந்து இதைத்தான் செய்தார்கள். ஆஸ்திரேலியா, அமெரிக்கா, இங்கிலாந்து, இத்தாலி ஆகிய நாடுகளில் 3 முதல் 20 வயது வரையுள்ள 172 பேரைச் சோதித்து, சி.எம்.டி. குழந்தைகள் அளவுகோலை 2012இல் வெளியிட்டார்கள்.

அதில் இருப்பவை பெரும்பாலும் விளையாட்டு போன்றவை. ஒன்பது துளைப் பலகையில் குச்சிகளைச் செருகி எடுப்பது, கருவியைக் கையால் இறுக்கிப் பிடிப்பது, பாதத்தால் அழுத்துவது, தூக்குவது, சமநிலையில் நிற்பது, நின்ற இடத்திலிருந்து நீளம் தாண்டுவது, ஆறு நிமிடத்தில் எவ்வளவு தூரம் நடக்கிறார்கள் என்று பார்ப்பது. இவற்றோடு குத்தல், அதிர்வு ஆகிய உணர்வுகளையும் சோதிப்பார்கள். மொத்தம் 11 சோதனைகள். ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 4 வரை புள்ளி. ஆக 44. புள்ளி கூடினால் நோய் கடுமை.

இதில் முக்கியமான விஷயம், பலம், தூரம் போன்றவற்றில் பிள்ளை எடுத்த அளவு அப்படியே புள்ளியாவதில்லை. ஆரோக்கியமான பிள்ளைகளின் சராசரியோடு ஒப்பிட்டு, எத்தனை திட்ட விலக்கம் தள்ளி இருக்கிறது என்று பார்க்கிறார்கள். புள்ளியியல் வகுப்பில் தூக்கம் வரவைத்த அதே திட்ட விலக்கம்தான்!

அளவு வந்ததால் என்ன பயன்?

2017இல் 206 பேரைப் பின்தொடர்ந்த ஆய்வு, இரண்டு ஆண்டுகளில் சராசரியாக 2.4 புள்ளி கூடுகிறது என்று சொன்னது. வகைக்கு வகை வேகம் மாறும் என்பதும் தெரிந்தது. நோய் எவ்வளவு வேகமாகப் போகும் என்று தெரிந்தால்தான், ஒரு மருந்துச் சோதனைக்கு எத்தனை பிள்ளைகள், எத்தனை வருடங்கள் தேவை என்று திட்டமிட முடியும்.

அதே 2017இல் 60 பிள்ளைகளிடம் நடந்த இன்னொரு சோதனையின் முடிவும் வந்தது. ஆறு மாதம் பாதத்துக்கு எடைப் பயிற்சி கொடுத்தார்கள். இரண்டு ஆண்டு முடிவில், பயிற்சி பெற்றவர்களின் பாத பலம் மற்றவர்களை விடக் குறைவாகவே சரிந்திருந்தது. கவனியுங்கள், பலம் கூடவில்லை, சரிவு குறைந்தது. வளர்ச்சியைக் கழித்துப் பார்க்கத் தெரியாத காலத்தில் இப்படி ஒரு பலன் கண்ணிலேயே பட்டிருக்காது. 2018இல் நான்கு வயது வரையுள்ள குழந்தைகளுக்கும் தனி அளவுகோல் வந்துவிட்டது.

அளவுகோல் எந்த நோயையும் குணமாக்காது. ஆனால் நாளை ஒரு நல்ல மருந்து வரும்போது, அதை நல்ல மருந்து என்று அடையாளம் காட்டப் போவது அதுதான். அதற்காக ஒன்பது குச்சிகளைச் செருகி, நீளம் தாண்டி, ஆறு நிமிடம் நடந்து காட்டிய அந்தப் பிள்ளைகளுக்கு இந்த வரலாற்றில் ஷார்கோ, மாரி, டூத் மூவருக்கும் குறையாத இடம் உண்டு.