பஞ்சம் வெட்டிய படகுப் பாதை

மதுரைக்குத் தெற்கே, திருமங்கலம் போகும் வழியில் கப்பலூர் என்று ஓர் ஊர் இருக்கிறது. பெயரில்தான் கப்பல். ஊரில் ஓடுவதெல்லாம் நான்கு வழிச் சாலையில் லாரிகளும் பேருந்துகளும்தான்! வைகையிலேயே வருடத்தில் பாதி நாள் மணல் என்னும்போது படகுக்கு எங்கே போவது?

ஆனால் தமிழ்நாட்டில் நிதானமாகப் படகிலேயே ஊர் விட்டு ஊர் போன காலம் ஒன்று உண்டு. 1934ஆம் ஆண்டு பாவேந்தர் பாரதிதாசன் தன் நண்பர்களோடு சென்னையிலிருந்து மாமல்லபுரத்துக்குப் போனது படகில்தான். அந்த அனுபவமே 'மாவலிபுரச் செலவு' என்ற கவிதையானது. அவர்கள் போன வழி பக்கிங்காம் கால்வாய். ஆமாம், இன்று மயிலாப்பூர் பக்கம் மூக்கைப் பிடித்துக்கொண்டு தாண்டுகிறோமே, அதே கால்வாய்தான்!

இதை ஒரே மூச்சில் யாரும் வெட்டிவிடவில்லை. 1801இல் பேசில் காக்ரேன் என்ற ஸ்காட்லாந்து வணிகர் சென்னையிலிருந்து எண்ணூர் வரை வெட்டத் தொடங்கினார். அப்போது அதன் பெயர் காக்ரேன் கால்வாய். 1837இல் அரசு அதை எடுத்துக்கொண்டு வடக்கிலும் தெற்கிலும் கொஞ்சம் கொஞ்சமாக நீட்டியது. கடைசியில் ஆந்திராவின் பெத்தகஞ்சாமிலிருந்து நம் மரக்காணம் வரை சுமார் 420 கிலோமீட்டர் நீளம் வந்துவிட்டது. கடலை ஒட்டியே போவதால் உப்பும் விறகும் நெல்லும் அலைக்குப் பயப்படாமல் பயணம் செய்தன. காற்று இருந்தால் பாய் விரிப்பார்கள். இல்லையென்றால் கழியால் ஊன்றித் தள்ளுவார்கள், அல்லது கரையில் நடந்தபடி கயிறு கட்டி இழுப்பார்கள். படகில் உட்கார்ந்திருப்பவருக்கு அது உல்லாசம். இழுப்பவருக்கு?

இந்தக் கேள்வியைக் கால்வாயின் பிறப்பிடமே கேட்க வைக்கிறது. சென்னை நகருக்குள் கூவத்தையும் அடையாற்றையும் இணைக்கும் சுமார் 8 கிலோமீட்டர் துண்டு 1877-78இல் வெட்டப்பட்டது. அது தாது வருடப் பஞ்ச காலம். சென்னை மாகாணத்தில் லட்சக்கணக்கானவர்கள் பட்டினியாலும் நோயாலும் மடிந்துகொண்டிருந்தார்கள். அரசு சும்மா கஞ்சி ஊற்ற விரும்பவில்லை, வேலை செய்தால்தான் கூலி என்றது. அதிலும் 1877 தொடக்கத்தில் சர் ரிச்சர்ட் டெம்பிள் வந்து, ஓர் ஆணுக்கு ஒரு நாளைக்கு ஒரு பவுண்டு தானியம், அதாவது சுமார் 450 கிராம், கூடவே ஓர் அணா என்று கூலியைக் குறைத்தார். மண் வெட்டிச் சுமக்கிற உடம்புக்கு இது போதாது என்று வாதாடியவர் மருத்துவர் கார்னிஷ். அந்த எதிர்ப்புக்குப் பிறகுதான் கூலி கொஞ்சம் உயர்ந்தது. வேடிக்கை என்னவென்றால், வெட்டியவர்கள் ஒருவர் பெயரும் நமக்குத் தெரியாது, கால்வாய்க்குக் கிடைத்தது அப்போதைய ஆளுநர் பக்கிங்காம் பிரபுவின் பெயர்.

அதே பஞ்சம் மதுரைச் சீமையையும் விட்டுவைக்கவில்லை. கிடப்பில் கிடந்த பெரியாறு திட்டத்துக்கு உயிர் வந்ததும் அதற்குப் பிறகுதான். 1895இல் அணை முடிந்து, மேற்கே ஓடிய தண்ணீர் மதுரை வயல்களுக்கு வந்தது. ஒரே பஞ்சம் சென்னைக்குப் படகுக் கால்வாயையும் மதுரைக்குப் பாசனக் கால்வாயையும் கொடுத்தது என்று சொன்னால் தப்பில்லை.

பிறகு ரயிலும் லாரியும் சரக்கைப் பிடுங்கிக்கொண்டன. 1960களின் புயல்களில் கால்வாய் பழுதாகித் தூர்ந்தது. இங்கிலாந்திலும் இதே நிலைமைதான் வந்தது. அங்கே ரோல்ட் என்பவர் 1939இல் 'கிரெஸ்ஸி' என்ற ஒடுக்கமான படகில் கால்வாய்களைச் சுற்றி, 1944இல் 'நேரோ போட்' என்று புத்தகம் எழுதினார். இரண்டே வருடத்தில் கால்வாய்களைக் காப்பாற்ற ஒரு சங்கம் உருவானது. இன்று இலையுதிர் காலத்தில் அங்கே குடும்பம் குடும்பமாகப் படகில் போகிறார்கள். இங்கேயோ 1990களில் பறக்கும் ரயிலின் தூண்களைக் கால்வாய்க்குள்ளேயே நட்டுவிட்டார்கள்! 2008இல் தேசிய நீர்வழி 4 என்று பட்டம் மட்டும் கிடைத்தது.

இவ்வளவு செய்த பிறகும், 2004 சுனாமியின்போது கடற்கரை ஊர்கள் பலவற்றில் உள்ளே வந்த கடல்நீரை வாங்கிக்கொண்டு வேகத்தைக் குறைத்தது இதே கால்வாய்தான்.