பைப்பர் டோமஹாக்

பைப்பர் பிஏ-38 டோமஹாக் என்பது பறக்கக் கற்போருக்கென அமெரிக்காவின் பைப்பர் நிறுவனம் வடிவமைத்த இரு இருக்கை வானூர்தி ஆகும். 1978 முதல் 1982 வரை ஏறத்தாழ 2,500 வானூர்திகள் தயாரிக்கப்பட்டன. பயிற்சி வானூர்தி எவ்வளவு எளிதாக இருக்க வேண்டும் என்னும் விவாதத்தில் இது அடிக்கடி எடுத்துக்காட்டப்படுகிறது.

வடிவமைப்பு

இது தாழ்ந்த இறக்கையும் 'டி' வடிவ வாலும் கொண்டது. இதன் 112 குதிரைத்திறன் லைக்கோமிங் ஓ-235 இயந்திரம், போட்டி வானூர்தியான செஸ்னா 152-இல் உள்ள இயந்திரத்தின் வகையைச் சேர்ந்ததே. இரண்டின் உச்ச எடையும் ஏறத்தாழ 757 கிலோகிராம். டோமஹாக்கின் அறை அகலமானது. சுற்றிலும் நன்கு பார்க்க முடியும். வால் உயரத்தில் இருப்பதால் சுழலியின் காற்றோட்டம் அதன்மீது நேராகப் படுவதில்லை. எனவே மேலெழும்போது ஏற்றத் தட்டு சற்றுத் தாமதமாகவே செயற்படத் தொடங்கும்.

தற்சுழற்சி

இறக்கை காற்றை எதிர்கொள்ளும் கோணம் ஓர் எல்லையைத் தாண்டினால் உயர்த்து விசை திடீரெனக் குறையும். இது ஸ்டால் எனப்படும். அப்போது ஓர் இறக்கை மற்றதைவிட மிகுதியாக விசை இழந்தால், வானூர்தி சுழன்றபடி கீழிறங்கும். இதுவே தற்சுழற்சி.

செஸ்னா 150, 152 வகைகள் தற்சுழற்சியிலிருந்து எளிதில் தாமாகவே மீளக்கூடியவை. இதனால் மாணவர்கள் மீளும் முறையைச் சரிவரக் கற்பதில்லை எனப் பயிற்றுநர் பலர் கருதினர். அவர்களுடைய கருத்தைக் கேட்ட பைப்பர், விமானி முறைப்படி செயற்பட்டால் மட்டுமே மீளும் வானூர்தியை வடிவமைத்தது. இயந்திர விசையைக் குறைத்து, சுழற்சிக்கு எதிர்ப்புறச் சுக்கான் மிதியை முழுதும் அழுத்தி, கட்டுப்பாட்டுப் பிடியை முன்தள்ளுவது அம்முறையாகும்.

பாதுகாப்பு

அமெரிக்க விமானிகள் சங்கமான ஏஓபிஏ-வின் பாதுகாப்பு அறக்கட்டளை வெளியிட்ட ஆய்வின்படி, பறப்பு மணிக்கான மொத்த விபத்து வீதம் செஸ்னா 150, 152 வகைகளைவிட டோமஹாக்கில் குறைவு. ஆனால் உயிரிழப்பு ஏற்படுத்திய தற்சுழற்சி விபத்துகளின் வீதம் அதிகம். சான்றளிப்புச் சோதனைகளுக்குப் பின்னர் இறக்கையின் உட்கட்டமைப்பு மாற்றப்பட்டதை அமெரிக்கத் தேசிய போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் 1990களில் சுட்டிக்காட்டியது. முன்னதாக 1983-இல், இறக்கைகளின் முன்விளிம்பில் கூடுதல் ஸ்டால் பட்டைகள் பொருத்துவது கட்டாயமாக்கப்பட்டது. இப்பட்டைகள் ஸ்டால் இறக்கையின் உட்பகுதியில் முதலில் தொடங்கச் செய்கின்றன.

பயிற்சிக்குத் தேர்ந்தெடுத்தல்

இவ்வானூர்தியில் பயில்பவர் கூடுதல் பட்டைகள் பொருத்தப்பட்டுள்ளனவா என்பதை முதலில் உறுதிசெய்ய வேண்டும். ஸ்டால் பயிற்சியைப் போதிய உயரத்தில், இவ்வகையை நன்கறிந்த பயிற்றுநருடன் மேற்கொள்வது இன்றியமையாதது. தரைக்கு அருகில் தற்சுழற்சி தொடங்கினால், மீளும் முறையை அறிந்த விமானிக்கும் அதற்குரிய உயரம் எஞ்சியிராது.