நம் வாசலில் நடந்த ஆய்வுகள்: அண்ணாமலைநகரும் பரங்கிப்பேட்டையும்

மதரஸாவில் ஃபராயிள் எனும் வாரிசுரிமைப் பாடம் நடத்தும்போது, பங்கு பிரிக்கும் முன்பாக நான்கு சொற்களை மாணவர்கள் மனத்தில் பதிய வைப்போம்: தமாஸுல், ததாகுல், தவாஃபுக், தபாயுன். இரண்டு எண்கள் சமமாக இருப்பது முதலாவது. ஒன்று மற்றொன்றை மீதமின்றி வகுப்பது இரண்டாவது. 6, 8 ஆகியவற்றைப் போல 1 தவிர வேறொரு பொது வகுத்தி இருப்பது மூன்றாவது. 3, 8 ஆகியவற்றைப் போல அப்படி எதுவுமின்றி இரண்டும் ஒன்றுக்கொன்று அந்நியமாய் நிற்பது நான்காவது. மனைவிக்கு எட்டில் ஒன்று, தாய்க்கு ஆறில் ஒன்று என வந்தால், இந்த உறவைப் பார்த்தே சொத்தை 24 பாகமாக்குகிறோம். உறவைத் தவறாகக் கணித்தால் ஒரு யத்தீமின் பங்கு குறைந்துபோகும்.

சென்ற ஆண்டு ஒரு மாணவன், “உஸ்தாத், இந்தத் தபாயுன் கணக்கு ஃபராயிளுக்கு மட்டும்தானா?” என்று கேட்டான். நாம் வழக்கம்போல் பக்தாதுக்குப் போனோம். அல்-குவாரிஸ்மீயின் அல்-ஜப்ர் நூலில் ஒரு பெரிய பகுதியே வாரிசுரிமைக் கணக்குகள்தாம் என்று சொன்னோம். சொன்னது உண்மைதான். ஆனால் வீட்டுக்கு வந்த பிறகுதான், அவனுக்குரிய இன்னொரு பதில் சிதம்பரத்தின் கிழக்கு எல்லையிலேயே இருந்தது நினைவுக்கு வந்தது. ஆயிரம் ஆண்டுகளுக்கு முந்தைய பெயர்களை மிம்பரிலும் மேடையிலும் பெருமையோடு அடுக்கும் நாம், பேருந்தில் ஒரு மணி நேரத்துக்குள் போய்ச் சேரக்கூடிய இடங்களில் நடந்தவற்றைப் பிள்ளைகளுக்குச் சொன்னதே இல்லை. அந்தக் குறையைத் தீர்க்கவே இதை எழுதுகிறோம்.

ராஜா சர் அண்ணாமலை செட்டியார் 1920-ல் சிதம்பரத்தில் தொடங்கிய ஸ்ரீ மீனாட்சி கல்லூரியை அடித்தளமாகக் கொண்டு 1929-ல் அண்ணாமலைப் பல்கலைக்கழகம் உருவானது. அதே ஆண்டில் அங்கே கணித விரிவுரையாளராகச் சேர்ந்தவர் சு. சி. பிள்ளை. செங்கோட்டைக்கு அருகிலுள்ள வல்லத்தில் 1901-ல் பிறந்தவர். கைக்குழந்தையாக இருக்கும்போதே தாயை இழந்தார். பள்ளிப் படிப்பு முடியும் தறுவாயில் தந்தையையும் இழந்தார். ஓர் ஆசிரியர் தாங்கிப் பிடித்ததால்தான் அவர் படிப்பு தொடர்ந்தது. 1941 வரை பன்னிரண்டு ஆண்டுகள் அண்ணாமலைநகரில் இருந்தார். அவருடைய சிறந்த ஆய்வுகளில் பலவும் அந்த ஆண்டுகளுக்குரியவை.

அவற்றுள் ஒன்று, நம் மாணவனின் கேள்விக்கு நேரடியான பதில். அடுத்தடுத்து வரும் சில எண்களை எடுத்துக்கொள்ளுங்கள்: 24, 25, 26, 27, 28. இவற்றில் 25-ஐப் பாருங்கள். மற்ற நான்கில் எதனோடும் அதற்குப் பொது வகுத்தி இல்லை. நம் பாஷையில் சொன்னால், அது மற்ற அனைத்தோடும் தபாயுன். இப்படி மற்ற எல்லாவற்றுக்கும் அந்நியமான ஓர் எண், எந்த வரிசையை எடுத்தாலும் கிடைக்குமா? பிள்ளை 1940-ல் பதில் சொன்னார். வரிசையில் 16 எண்கள் வரை இருந்தால், எங்கிருந்து தொடங்கினாலும் அத்தகைய எண் ஒன்று நிச்சயம் உண்டு. 17 எண்கள் ஆனால் அந்த உறுதி போய்விடுகிறது.

எங்கே போகிறது? 2184 முதல் 2200 வரை எழுதிப் பாருங்கள். மொத்தம் 17 எண்கள். இரட்டை எண்கள் தமக்குள் 2-ஐப் பகிர்ந்துகொள்கின்றன. 2187, 2193, 2199 மூன்றும் 3-ஆல் கட்டுண்டவை. 2185-க்கும் 2195-க்கும் 5 பொது. 2191 தன் 7-ஐயும், 2197 தன் 13-ஐயும் 2184-ல் கண்டுகொள்கின்றன. தனித்து நிற்பதுபோல் தோன்றும் 2189-ஐ வரிசையின் கடைசி எண்ணான 2200 பிடித்துக்கொள்கிறது. இரண்டுக்கும் 11 பொது வகுத்தி. ஒரு காகிதமும் பென்சிலும் போதும். பெண்மக்களும் பையன்களும் சேர்ந்து அமர்ந்து மஃரிபுக்கும் இஷாவுக்கும் இடையில் சரிபார்த்துவிடலாம். ஆனால் 16 வரை விதிவிலக்கே கிடையாது என்று நிறுவுவது பென்சில் வேலையல்ல. எண்களுக்கு முடிவில்லையே!

இது வெறும் விளையாட்டும் அல்ல. அடுத்தடுத்த எண்களைப் பெருக்கினால் அது ஒரு முழு வர்க்கமாகவோ கனமாகவோ வேறு எந்த முழு அடுக்காகவோ வருமா என்ற பழைய கேள்விக்கு வழி தேடித்தான் பிள்ளை இதில் இறங்கினார். அது ஒருபோதும் வராது என்பதை ஏர்டிஷ், செல்ஃப்ரிட்ஜ் இருவரும் முழுமையாக நிறுவியது 1975-ல்.

வாரிங் என்ற ஆங்கிலேயர் 1770-ல் எழுப்பிய கேள்வியிலும் பிள்ளையின் பெயர் நிலைத்தது. எந்த எண்ணையும் நான்கு வர்க்கங்களின் கூட்டாக எழுதிவிடலாம். கனங்களானால் ஒன்பது போதும். ஆறாம் அடுக்குகளானால் எத்தனை வேண்டும்? 73 என்று 1940-ல் பிள்ளை நிறுவினார். அதற்குக் குறைந்து முடியாது என்பதற்கு 703 சாட்சி. 3-இன் ஆறாம் அடுக்கு 729. அது 703-ஐத் தாண்டிவிடுகிறது. ஆகவே 64-ஐப் பத்து முறையும் 1-ஐ அறுபத்து மூன்று முறையும் கூட்டியே தீரவேண்டும்.

1950-ல் அமெரிக்காவில் நடக்கவிருந்த உலகக் கணித மாநாட்டுக்குப் புறப்பட்ட பிள்ளை, ஆகஸ்ட் 31 அன்று கெய்ரோவிலிருந்து கிளம்பிய விமானம் எகிப்திய மண்ணிலேயே விழுந்து நொறுங்கியதில் உயிரிழந்தார். அதில் இருந்த 55 பேரில் ஒருவரும் பிழைக்கவில்லை.

அண்ணாமலைநகரிலிருந்து இனி கடலை நோக்கி, பரங்கிப்பேட்டைக்குப் போவோம். மஹ்மூது பந்தர் என்று நம் முன்னோர் அழைத்த ஊர். ஹைதர் அலியின் படை 1781-ல் ஆங்கிலேயரோடு மோதிய களம் அதன் அருகில்தான். அந்தப் போரைச் சொல்லும் அளவுக்கு, அங்கே இருந்த இரும்பு ஆலையை நாம் சொல்வதில்லை. ஜோசையா மார்ஷல் ஹீத் என்ற கம்பெனி அதிகாரி 1830 வாக்கில் அதை நிறுவினார். தாது சேலத்துப் பக்கமிருந்து வந்தது. எரிபொருள் மரக்கரி. பரங்கிப்பேட்டை இரும்பு இங்கிலாந்துக்குக் கப்பலேறி, வேல்ஸ் நாட்டின் பிரிட்டானியா பாலத்திலும் இடம்பெற்றது. மரக்கரித் தட்டுப்பாடும் பணமுடையும் ஆலையை வாட்டின. அந்த நூற்றாண்டின் பிற்பகுதியில் அது ஓய்ந்துவிட்டது. ஹீத்தும் ஏழையாகவே இறந்தார்.

ஆலை போன ஊருக்கு வேறோர் ஆய்வு வந்து தங்கியது. வெள்ளாறு கடலில் கலக்கும் முகத்துவாரத்தில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல் உயிரியல் நிலையம் பேராசிரியர் ஆர். வி. சேஷையாவின் முயற்சியால் எழுந்தது. 1960-களில் உயராய்வு மையமாக ஏற்கப்பட்டது. மீன்குஞ்சு, நண்டு, இறால், கண்ணுக்குத் தெரியாத மிதவை உயிர்கள், ஆற்றுநீரில் ஏறி இறங்கும் உப்பு என ஒவ்வொன்றையும் அங்கே பல்லாண்டுகளாகப் பதிவு செய்து வருகிறார்கள். கடல் உயிரியல் படித்தவர்கள் வெளிநாட்டிலும் போர்ட்டோ நோவோ என்ற பெயரை அறிவார்கள். ஊரிலுள்ள நம் குடும்பங்களுக்கோ அது பெரும்பாலும் ‘ஆற்றோரத்து காலேஜ்’ என்பதோடு சரி.

வெள்ளாற்றுக்கும் கொள்ளிடத்துக்கும் இடையில்தான் பிச்சாவரம் காடு இருக்கிறது. சிதம்பரத்துக்குத் தில்லை என்ற பழம்பெயரைத் தந்ததும் இத்தகைய காட்டில் வளரும் ஒரு மரமே. இந்தக் காட்டை அலையாத்திக் காடு என்கிறோம். அலையை ஆற்றுவது, தணிப்பது என்ற பொருள் அந்தப் பெயரிலேயே இருக்கிறது. நெடுங்காலமாக, காடு அழிவதற்கு விறகு வெட்டும் ஏழைகளும் அவர்களின் மாடுகளும்தான் காரணம் என்று பழி சொல்லப்பட்டது. எம். எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனத்தார் 1990-களில் ஆராய்ந்தபோது வேறு கதை தெரிந்தது. வெள்ளையர் காலத்திலிருந்து பகுதி பகுதியாகக் காட்டை மொட்டையடித்து வெட்டிய முறையால் மண் காய்ந்து தாழ்ந்து, ஏறிய கடல்நீர் வடியாமல் தேங்கி, உப்பு மிகுந்து, நாற்றுகள் பிழைக்க முடியாமல் போயிருந்தது. வாய்க்கால் வெட்டி நீரோட்டத்தை மீட்டு நட்டபோது காடு மறுபடி துளிர்த்தது. ஏழைகளின் தலையில் ஏற்றப்பட்ட பழியை ஓர் ஆய்வு இறக்கி வைத்ததை நாம் சிறிய காரியமாக எண்ணவில்லை.

பிறகு 2004 டிசம்பர் 26 வந்தது. அன்று பரங்கிப்பேட்டை ஜமாஅத்தார் மீனவ மக்களுக்கு உணவும் தங்குமிடமும் அளித்ததை நம்மில் பலரும் அறிவோம். அதற்கடுத்த ஆண்டு நடந்ததை அறிந்தவர் சிலரே. கடல் உயிரியல் நிலையத்தின் பேராசிரியர் கதிரேசனும் அவரோடு ராஜேந்திரனும் பரங்கிப்பேட்டைக் கடலோரத்தின் 18 குக்கிராமங்களில் உயிரிழப்பையும் பொருளிழப்பையும் கணக்கெடுத்தார்கள். கடலிலிருந்து குடியிருப்பின் தூரம், நிலத்தின் உயரம், முன்னால் இருந்த மரப்பரப்பு ஆகிய மூன்றையும் அவற்றோடு ஒப்பிட்டு, காடு மனிதரைக் காத்தது என்று 2005-ல் எழுதினார்கள். அதே ஆண்டில் வேறொரு குழு நம் கடலூர் மாவட்டத்தையே ஆராய்ந்து, மரங்கள் இருந்த இடத்தில் சேதம் குறைவு என்று ‘சயின்ஸ்’ இதழில் எழுதியது. உலகம் முழுவதும் இந்தச் செய்தி பரவியது.

ஆனால் அத்தோடு முடியவில்லை. கெர், பேர்ட், கேம்ப்பெல் என்ற மூவர், கதிரேசன் வெளியிட்ட அதே எண்களை எடுத்து மீண்டும் கணக்கிட்டார்கள். காட்டுக்குப் பின்னால் இருந்த ஊர்கள் இயல்பாகவே கடலுக்குத் தொலைவிலும் மேட்டிலும் இருந்தன. அவ்விரண்டையும் கழித்துவிட்டால் காட்டுக்கு என்று மிஞ்சுவது வெகு சொற்பம் என்று 2006-ல் மறுத்தார்கள். அதற்கும் வேறு இருவர் எதிர்வாதம் எழுதி, காட்டின் பக்கம் நின்றார்கள்.

இதைப் படித்தபோது நமக்கு முஹத்திஸ்களின் ஜர்ஹ், தஃதீல் நினைவுக்கு வந்தது. அறிவிப்பாளர் நல்லவர் என்பதற்காக அறிவிப்பை அப்படியே ஏற்றுக்கொள்ளாதவர்கள் அவர்கள். இப்னுல் ஹைதம் கூட பத்லமூஸ் மீதான ஐயங்கள் என்றே தனி நூல் எழுதியவர் அல்லவா? காட்டை நேசிக்கும் எவருக்கும் அந்த மறுப்பு கசக்கத்தான் செய்யும், நமக்கும் கசந்தது. ஆனால் மரம் இருக்கிறதே என்று நம்பி ஒருவர் தாழ்ந்த மணலில் வீடு கட்டிவிட்டால், அந்த உயிர்களுக்கு யார் பொறுப்பு? கதிரேசன் தம் எண்களை மறைக்காமல் அச்சிட்டதால்தான் பிறர் அவற்றைச் சரிபார்க்கவே முடிந்தது என்பதையும் இங்கே சொல்ல வேண்டும்.

அண்மையில் மாணவர்களை வெள்ளாற்றங்கரைக்கு அழைத்துச் சென்றோம். நிலையத்தை ஒட்டி 1990-களில் நட்டு வளர்த்த கண்டல் மரங்கள் இப்போது தலைக்கு மேல் நிற்கின்றன. தபாயுன் பற்றிக் கேட்ட அதே மாணவன், “அப்படியானால் காடு காப்பாற்றியதா, இல்லையா, உஸ்தாத்?” என்றான். மேடும் தூரமும் காத்தன என்பதில் இரு தரப்புக்கும் கருத்து வேறுபாடு இல்லை. காட்டின் பங்கு எவ்வளவு என்பதில்தான் வழக்கு என்று சொன்னோம். அவன் வீடு கடற்கரையிலிருந்து எவ்வளவு தூரம் என்று கேட்டோம். அளந்து பார்த்ததில்லை என்றான்.