கேழ்வரகுப் பாலும் மக்ரோனியும்

பிரெஞ்சில் 'கிராத்தேன்' என்றொரு சொல் உண்டு. மக்ரோனியையோ உருளைக்கிழங்கையோ கெட்டியான வெள்ளைச் சாறில் புரட்டி, மேலே பொன்னிறமாகும்வரை சுட்டெடுக்கும் பண்டத்துக்கு இன்று அதுதான் பெயர். சொல்லின் வேர் 'கிராத்தே', அதாவது சுரண்டுதல். பாத்திரத்தின் அடியில் ஒட்டிக்கொண்டு, சுரண்டி எடுக்க வேண்டியிருந்த காந்தலைத்தான் முதலில் அப்படி அழைத்தார்கள். சோற்றுப் பானையின் அடிக்காந்தலுக்குச் சண்டை போட்ட நமக்கு இது புதிய ருசி அல்ல.

இந்தப் பண்டத்தைப் பால், வெண்ணெய், சீஸ் எதுவும் இல்லாமல் செய்ய முடியுமா என்ற கேள்வி எங்கள் வீட்டில் எழுந்தது. காரணம் என் பேத்தி. அவளுக்குப் பால் புரதம் ஒவ்வாது என்று மருத்துவர் திட்டமாகச் சொல்லிவிட்டார். விசேஷ வீடுகளில் அவளுக்கு மட்டும் தனித் தட்டு. 'பாவம், குழந்தைக்குப் போலியாக ஏதோ ஒன்று செய்து வைத்திருக்கிறோம்' என்று பரிமாறுகிறவர்கள் சொல்லும்போது அவள் முகம் சுருங்குவதைப் பார்த்திருக்கிறேன். 'போலி' என்ற அந்தச் சொல்தான் என்னைப் பழைய புத்தகங்களிடம் அனுப்பியது. புதுச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்து, பிறகு வேலைக்காகத் தருமபுரிப் பக்கம் வந்து தங்கிவிட்டவன் நான். அந்தப் படிப்பு அலுவலகக் கோப்புகளில் எனக்கு உதவியதே இல்லை. இந்த விஷயத்தில் உதவியது.

முதலில் ஒரு வேறுபாட்டைச் சொல்லிவிடுகிறேன். பால் ஒத்துக்கொள்ளாமை இரண்டு வகை. ஒன்று, பாலில் உள்ள லாக்டோஸ் என்ற சர்க்கரை செரிக்காமல் வயிறு உப்புவது. குழந்தைப் பருவம் தாண்டியதும் அதைச் செரிக்கும் நொதி குறைந்துபோவது உலகில் பெரும்பாலான மனிதர்களுக்கு இயல்பு. நம் நாட்டிலும் வடமேற்கிலிருந்து தெற்கே வரவர, பெரியவர்களான பின்னும் பாலைச் செரிப்பவர்களின் விகிதம் குறைகிறது. இவர்களில் பலருக்குக் கொஞ்சம் தயிர் சாப்பிட்டால் ஒன்றும் ஆகாது. இரண்டாவது வகை, பாலின் புரதத்தையே உடல் எதிரியாக நினைப்பது. அதற்கு ஒரு கரண்டி மோரும் அதிகம். நெய்யிலும் புரதத்தின் மிச்சம் இருக்கக்கூடும். 'ஒரு சொட்டு விட்டால் என்ன?' என்ற பேச்சுக்கு அங்கே இடமில்லை.

இனி வரலாறு. இடைக்கால ஐரோப்பாவில் தவக்காலத்தின் 40 நாட்களும், வேறு பல நோன்பு நாட்களும், இறைச்சியோடு பால், வெண்ணெய், சீஸ், முட்டை எல்லாமே விலக்கு. அரண்மனைச் சமையற்காரர் என்ன செய்வார்? பாதாமை ஊறவைத்து, இடித்து, நீர் விட்டுப் பிழிந்தார். 14ஆம் நூற்றாண்டின் பிரெஞ்சுச் சமையல் நூல்களைப் புரட்டினால் பாதாம் பால் திரும்பத் திரும்ப வருகிறது. 1393ஐ ஒட்டி எழுதப்பட்ட 'பாரிஸ் இல்லத்தார்' என்ற நூல் அவற்றில் ஒன்று. வயது முதிர்ந்த கணவர் ஒருவர் தம் இளம் மனைவிக்கு வீட்டு நிர்வாகம் சொல்லித்தரும் நூல் அது. நோன்பு நாள் என்றில்லாமல் மற்ற நாட்களிலும் பாதாம் பாலைப் பயன்படுத்தினார்கள். பசும்பால் சீக்கிரம் கெட்டுவிடும். பாதாம் பருப்போ பெட்டியில் பத்திரமாக இருக்கும், வேண்டும்போது பிழிந்துகொள்ளலாம்.

ஆனால் பாதாம் விலை கூடியது. வடபகுதிகளில் ஆலிவ் எண்ணெயும் எளிதில் கிடைக்காது, வெண்ணெய்தான் அன்றாடக் கொழுப்பு. ஆகவே காணிக்கை செலுத்தினால் தவக்காலத்திலும் வெண்ணெய் தின்னலாம் என்று சலுகை தந்தார்கள். நார்மண்டியில் ரூவான் நகரப் பேராலயத்தில் 1485இல் ஒரு கோபுரம் கட்டத் தொடங்கி, 20 ஆண்டுகளுக்கு மேல் கட்டினார்கள். அந்தக் காணிக்கைப் பணத்தில் எழுந்தது என்பதால் அதற்கு இன்றும் 'வெண்ணெய்க் கோபுரம்' என்றே பெயர். பால் இல்லாமல் சமைப்பது அந்த மக்களுக்கு எவ்வளவு பழகிய காரியம், எவ்வளவு சலித்த காரியம் என்பதற்கு அந்தக் கல் கோபுரமே சாட்சி.

இன்று நாம் 'ஒயிட் சாஸ்' என்று சொல்லும் பெஷாமெல் இவற்றுக்கெல்லாம் இளையது. 14ஆம் லூயி மன்னரிடம் அரண்மனை மேலாளராக இருந்த லூயி தெ பெஷாமெய் (1630–1703) என்பவரின் பெயர் அதற்கு வைக்கப்பட்டது. மாவைக் கொழுப்பில் வறுத்துச் சாறைக் கெட்டியாக்கும் முறையை 1651இல் வெளிவந்த லா வரேன் என்பவரின் சமையல் நூலிலேயே காணலாம். அந்த முறையில்தான் சூட்சுமம் இருக்கிறது. மாவுத் துகள்களைக் கொழுப்பு சூழ்ந்துகொள்வதால் அவை கட்டி தட்டுவதில்லை. சூடான திரவம் சேர்ந்ததும் மாவுச்சத்து நீரை உறிஞ்சி வீங்கிச் சாறைக் கெட்டியாக்குகிறது. நாக்கில் வழுவழுப்பைத் தருவது அந்த மாவுச்சத்தும், சாறில் பொடிப்பொடியாகக் கலந்து நிற்கும் கொழுப்பும். மாட்டுப் பாலிலிருந்து வரும் கொழுப்பா, தேங்காயிலிருந்து வருவதா என்று நாக்கு விசாரிப்பதில்லை.

நம் பக்கம் திரும்புவோம். தமிழில் 'பால்' என்ற சொல் பசுவோடு நிற்பதே இல்லை. தேங்காய்ப்பால் உண்டு, கள்ளிப்பால் உண்டு, நெற்கதிர் பால் பிடிக்கிறது. எதையும் நாம் போலி என்று சொன்னதில்லை. சட்டங்களும் இதை ஓரளவு ஒப்புக்கொண்டிருக்கின்றன. தாவரப் பானங்களைப் பால் என்று விற்கக்கூடாது என்று ஐரோப்பிய நீதிமன்றம் 2017இல் தீர்ப்புச் சொன்னது. ஆயினும் நெடுங்கால வழக்கு என்ற முறையில் பிரெஞ்சு மொழியில் பாதாம் பாலுக்கும் தேங்காய்ப்பாலுக்கும் விலக்கு உண்டு. நம் நாட்டு உணவுப் பாதுகாப்பு ஆணையமும் 2021இல் இப்படி ஒரு கெடுபிடியைக் கொண்டுவந்தது. தேங்காய்ப்பால் அதிலும் தப்பித்தது.

மாவை இழையாகப் பிழிந்து வேகவைப்பதும் நமக்கு இரவல் இல்லை. 1025ஐ ஒட்டிக் கன்னடத்தில் சாவுண்டராயர் எழுதிய 'லோகோபகாரம்' நூலில் சேவை பிழிவதும் அதற்கான அச்சும் சொல்லப்படுகின்றன. தருமபுரி அன்று தகடூர். நுளம்பர்கள் ஆண்ட சீமை. கன்னடமும் தமிழும் கலந்து புழங்கிய எல்லை. கொங்குப் பக்கத்தில் சந்தவை பிழிந்து வெல்லம் போட்ட தேங்காய்ப்பாலை ஊற்றித் தின்பது இன்றைக்கும் விருந்துதான். பிழிந்த மாவும் பசுவின் பால் அல்லாத பாலும் சேர்ந்த தட்டு அது. மக்ரோனி கிராத்தேனை அதற்குத் தூரத்து உறவு என்று சொன்னால் தப்பில்லை.

இந்த மாவட்டத்துக்கே உரிய சங்கதி கேழ்வரகுப் பால். தருமபுரி மானாவாரிச் சீமை. கேழ்வரகு, சாமை, நிலக்கடலை விளையும் மண். கைக்குழந்தைக்கு முதன்முதலில் கஞ்சி கொடுக்கும்போது கேழ்வரகை ஊறவைத்து அரைத்து, துணியில் வடிகட்டி, அந்தப் பாலைக் காய்ச்சுவார்கள். அடுப்பில் வைத்துக் கிளறக் கிளற அது பளபளப்பாகக் கெட்டிப்படும். மாவுச்சத்து கெட்டிப்படுவதுதான், பெஷாமெல்லில் நடப்பதும் இதுவே. இதைக் கண்ட பிறகு என் மனைவியும் நானும் மைதாவை விட்டுவிட்டோம்.

நாங்கள் செய்யும் முறை இது. நாலு பேருக்குப் போதும்.

முதல் நாள் இரவே 4 மேசைக்கரண்டி கேழ்வரகும் ஒரு கைப்பிடி பச்சை நிலக்கடலையும் தனித்தனியாக ஊறட்டும். காலையில் கேழ்வரகை அரைத்து ஒரு கோப்பை நீர் விட்டு வடிகட்டுங்கள். நிலக்கடலையைத் தோல் நீக்கி விழுதாக அரைத்துக்கொள்ளுங்கள். ஒரு முழுத் தேங்காயைத் துருவி, முதல் பால் ஒரு கோப்பை, இரண்டாம் பால் 2 கோப்பை எடுத்துத் தனித்தனியே வையுங்கள். 200 கிராம் மக்ரோனியைப் பாக்கெட்டில் சொன்ன நேரத்துக்கு 2 நிமிடம் முன்னதாகவே வடித்துவிடுங்கள். மீதி வேக்காடு சாறில் நடக்கும்.

3 மேசைக்கரண்டி கடலெண்ணெயில் பூண்டும் வெங்காயமும் நிறம் மாறாமல் வதங்கட்டும். இரண்டாம் பாலையும் கடலை விழுதையும் சேர்த்துச் சிறு தீயில் 10 நிமிடம் கொதிக்க விடுங்கள். கடலையின் பச்சை வாசனை போக வேண்டும். கேழ்வரகுப் பாலில் மாவு அடியில் தங்கியிருக்கும், கலக்கிவிட்டுத்தான் ஊற்ற வேண்டும். கை ஓயாமல் கிளறி, கரண்டியின் முதுகில் படியும் பதம் வந்ததும் இறக்கி, முதல் பாலைச் சேருங்கள். முதல் பாலைக் கொதிக்கவிட்டால் திரிந்து எண்ணெய் பிரியும் என்பது சொதி வைக்கும் எல்லோருக்கும் தெரியும். இங்கே மாவுச்சத்து அதைத் தாங்கிப் பிடிப்பதால் ஓவன் சூட்டிலும் அவ்வளவாகப் பிரிவதில்லை. உப்பு, மிளகு, ஒரு சிட்டிகை சாதிக்காய்த் தூள். சாதிக்காய் பெஷாமெல்லின் பழைய கூட்டாளி. சீஸில் உள்ள இலேசான புளிப்புக்குக் கால் மூடி எலுமிச்சைச் சாறு. நிறம் தூய வெள்ளையாக இராது, இளம் பழுப்பாக இருக்கும்.

மக்ரோனியை இதில் புரட்டித் தட்டில் பரப்பி, பாலக்கோட்டுத் தக்காளியை வில்லைகளாக மேலே அடுக்குங்கள். 200 டிகிரியில் 20 நிமிடம். கடைசி 5 நிமிடத்துக்கு முன் ஒன்றிரண்டாகப் பொடித்த நிலக்கடலையைக் கொஞ்சம் எண்ணெயில் பிசறித் தூவுங்கள். முன்பே தூவினால் கருகிவிடும். சீஸ் இல்லாமல் மேலே எப்படிச் சிவக்கும் என்று கேட்பீர்கள். புரதமும் சர்க்கரையும் சூட்டில் சேர்ந்தால் பழுப்பு நிறமும் மணமும் உண்டாகும் என்று 1912இல் பிரெஞ்சு விஞ்ஞானி மயார் விளக்கினார். நிலக்கடலையில் இரண்டும் இருக்கின்றன.

ஓவன் இல்லாத வீட்டிலும் முடியும். பழைய பிரெஞ்சுச் சமையல் நூல்களில் 'ஃபூ தெஸ்யு, ஃபூ தெஸூ' என்று வரும். மேலே நெருப்பு, கீழே நெருப்பு என்று பொருள். இரண்டு சொல்லுக்கும் உச்சரிப்பில் நூலிழை வித்தியாசம்தான். வகுப்பில் இதற்காக எங்கள் காது எத்தனை முறை திருகப்பட்டது என்று கணக்கில்லை. கனமான இரும்புச் சட்டியைச் சிறு தணலில் வைத்து, தட்டையான மூடியின் மேலும் தணலைப் பரப்பினால் மேற்புறம் சிவந்துவிடும். கோவாவில் தேங்காய்ப்பாலும் முட்டையும் நெய்யும் சேர்த்து அடுக்கடுக்காகச் சுடும் பெபிங்கா என்ற இனிப்பும் இப்படி மேல் தணலில் வெந்ததுதான்.

இரண்டு எச்சரிக்கை. நிலக்கடலை ஒவ்வாதவர்களும் உண்டு. அவர்களுக்குக் கடலையையும் கடலெண்ணெயையும் விட்டுவிட்டு, தேங்காயெண்ணெயில் தாளித்து, மேலே வறுத்த தேங்காய்த் துருவல் தூவலாம். அடுத்தது, தேங்காய்ப்பால் பசும்பாலுக்கு ருசியில் ஈடு கொடுக்கும், சத்தில் கொடுக்காது. அதில் புரதமும் சுண்ணாம்புச் சத்தும் குறைவு. 100 கிராம் நிலக்கடலையில் சுமார் 25 கிராம் புரதமும், 100 கிராம் கேழ்வரகில் 340 மில்லிகிராமுக்கு மேல் சுண்ணாம்புச் சத்தும் இருப்பதால் இந்தக் கூட்டு கொஞ்சம் ஈடுகட்டும். ஆனால் வடிகட்டும்போது ஒரு பங்கு சக்கையோடு போய்விடும். ஆகவே பால் நிறுத்தப்பட்ட குழந்தைக்கு என்னென்ன, எவ்வளவு என்பதை மருத்துவரிடம் கேட்டுத்தான் முடிவு செய்ய வேண்டும்.

எங்கள் வீட்டில் இப்போது இது எல்லோருக்கும் ஒரே தட்டில்தான். சீஸ் போட்டது தனியாக, போடாதது தனியாக என்று இரண்டு செய்வதில்லை. பேத்தியின் பள்ளித் தோழிகள் வந்திருந்தபோது, 'இது என்ன?' என்று ஒரு சிறுமி கேட்டாள். பேத்தி சொன்ன பதில்: 'கேழ்வரகுப் பால் மக்ரோனி.' எது இல்லை என்று அவள் சொல்லவில்லை, எது இருக்கிறது என்று சொன்னாள். அந்தப் பெயரையே தலைப்பிலும் வைத்துவிட்டேன்.