எந்தக் காலத்தைக் காப்பது?

தஞ்சைப் பெரிய கோயிலின் கருவறையைச் சுற்றி, இரண்டு கற்சுவர்களுக்கு நடுவே ஒரு குறுகலான சுற்றுப்பாதை உண்டு. அதன் சுவர்களில் நாயக்கர் கால ஓவியங்கள் இருப்பது பலருக்கும் தெரிந்திருந்தது. 1931இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த எஸ்.கே. கோவிந்தசாமி அந்தப் பாதைக்குள் சென்றபோது, மேற்பூச்சு உதிர்ந்திருந்த இடங்களில் அடியில் வேறோர் ஓவியம் தெரிவதைக் கண்டார். கோடும் நிறமும் முகபாவமும் மேலே இருந்ததைவிடப் பல நூற்றாண்டு பழையவை. இராசராசன் காலத்துச் சோழ ஓவியங்கள் உலகுக்குத் தெரியவந்தது இப்படித்தான். சுந்தரரைத் தடுத்தாட்கொண்ட கதை, வெள்ளை யானைமேல் அவர் கயிலை செல்லும் காட்சி, முப்புரம் எரித்தவரின் கோலம், தில்லைக் கூத்தனை வழிபடும் அரச குடும்பம் என்று தமிழ்நாட்டு ஓவிய வரலாற்றில் இருந்த ஒரு பெரிய வெற்றிடம் நிரம்பியது.

கலை வரலாற்றுக்குக் கிடைத்த அந்தப் புதையல், மரபுச் சின்னங்களைப் பாதுகாப்பவர்களுக்கு ஒரு தர்மசங்கடம். ஒரே சுவரில் இரண்டு காலங்கள் ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்டியிருக்கின்றன. அடியில் உள்ளதைப் பார்க்க வேண்டுமானால் மேலே உள்ளதை எடுத்தாக வேண்டும். மேலே உள்ளதும் ஏறத்தாழ நானூறு ஆண்டுப் பழமை உடையது. சோழருக்காக நாயக்கரைச் சுரண்டி எறியலாமா? கட்டடப் பாதுகாப்புத் துறையின் முக்கியமான கருத்துகள் எல்லாவற்றையும் இந்த ஒரு கேள்வியைப் பிடித்துக்கொண்டே புரிந்துகொள்ளலாம்.

பத்தொன்பதாம் நூற்றாண்டு ஐரோப்பாவில் இதே வழக்கு வேறு வடிவில் நடந்தது. பிரான்சில் வியொலே லெ டுக் என்ற கட்டடக் கலைஞர், ஒரு பழைய கட்டடத்தை அதன் பாணிக்கு ஏற்றபடி முழுமையாக்குவதே சீரமைப்பு என்றார். எந்தக் காலத்திலும் இருந்திராத முழுமையாக அது அமைந்தாலும் அவருக்குக் கவலை இல்லை. இங்கிலாந்தில் ஜான் ரஸ்கின் 1849இல் எழுதிய நூலில், இத்தகைய சீரமைப்பைக் கட்டடத்துக்கு நேரக்கூடிய மிகக் கொடிய அழிவு என்றே சாடினார். அவர் வழியில் வந்த வில்லியம் மாரிஸ் 1877இல் பழங்கட்டடப் பாதுகாப்புச் சங்கத்தைத் தொடங்கி, புதுப்பிப்பதை விட்டுவிட்டு அன்றாடப் பராமரிப்பால் சிதைவைத் தள்ளிப்போடுங்கள் என்று அறிக்கை விட்டார். கோயில் சுவர் இடுக்கில் முளைக்கும் செடியை உழவாரப் படை கொண்டு செதுக்குவதையே தம் தொண்டாக வைத்துக்கொண்ட அப்பரை ஏழாம் நூற்றாண்டிலேயே கண்ட நமக்கு மாரிஸின் அறிக்கை புதிதாகத் தோன்றாது. அரசமரக் கன்று விரல் பருமனில் இருக்கும்போதே பிடுங்கப்பட்டிருந்தால் நம் விமானங்கள் பலவற்றுக்குத் திருப்பணியே தேவைப்பட்டிருக்காது.

வியன்னாவைச் சேர்ந்த அலோயிஸ் ரீகல் 1903இல் இந்தச் சண்டையின் அடிப்படையை விளக்கினார். பழஞ்சின்னம் ஒன்றில் நாம் மதிப்பது ஒரே பொருளை அல்ல. அதன் முதுமையே ஒரு மதிப்பு. அது சொல்லும் வரலாறு இன்னொரு மதிப்பு. இன்றும் பயன்படுகிறது என்பது மற்றொன்று. இந்த மதிப்புகள் ஒன்றோடொன்று மோதும். முதுமையை மதிப்பவர் பாசியைக்கூடத் தொட விடமாட்டார். பயன்பாட்டை மதிப்பவர் ஒழுகும் கூரையை இன்றே மாற்றச் சொல்வார். ரீகலுக்குப் பின் வந்த சாசனங்கள் எல்லாம் இந்த மோதலில் பஞ்சாயத்து செய்தவையே என்பது என் கணிப்பு.

அவற்றுள் அதிகம் மேற்கோள் காட்டப்படுவது 1964ஆம் ஆண்டின் வெனிஸ் சாசனம். தஞ்சைச் சுவருக்கு நேராகப் பொருந்தும் ஒரு விதி அதில் உண்டு. ஒரு சின்னத்தில் எல்லாக் காலத்தவரின் பங்களிப்பும் மதிக்கப்பட வேண்டும். ஒரே பாணியாக ஆக்குவது நோக்கம் அன்று. அடியில் உள்ள அடுக்கை வெளிப்படுத்துவது விதிவிலக்கான நிலையில் மட்டுமே நியாயமாகும். அதாவது அகற்றப்படுவது அவ்வளவாக மதிப்பற்றதாகவும், வெளிப்படுவது பெருமதிப்புள்ளதாகவும், காப்பதற்கு ஏற்ற நல்ல நிலையிலும் இருக்க வேண்டும். அந்தத் தீர்ப்பைப் பணியைச் செய்பவர் தனியாக எடுக்கவும் கூடாது.

இந்தியத் தொல்லியல் துறை தஞ்சையில் ஒரு நடுவழியைக் கண்டது. நாயக்கர் ஓவியத்தைச் சுரண்டாமல், பூச்சோடு சேர்த்து மெல்லப் பெயர்த்தெடுத்து, கண்ணாடி இழைப் பலகைகளில் பொருத்திக் கோயில் வளாகத்திலேயே காட்சிக்கு வைத்தது. அடியிலிருந்த சோழ ஓவியம் வெளிச்சம் கண்டது. இது ஒரு சாதனை என்பதில் ஐயமில்லை. ஆனால் அதற்கு ஒரு விலை உண்டு. சுவரோவியம் என்பது சுவரோடு சேர்ந்த கலை. பெயர்த்துப் பலகையில் ஏற்றியபின் அது மாட்டி வைத்த படம். கருவறையை வலம்வரும் பாதையில் எந்தத் திசையில், எந்த உயரத்தில், எந்தக் கடவுளுக்கு எதிரே இருந்தது என்ற பொருள் அதிலிருந்து கழன்றுபோகிறது. நாயக்கர் ஓவியர் இடமாற்றம் செய்யப்பட்டார். சோழ ஓவியர் தம் இடத்திலேயே இருக்கிறார். இரண்டில் ஒன்றுக்குத்தான் வழி இருந்தது என்றால் நானும் இதையே தேர்ந்திருப்பேன். இருந்தாலும் இதைச் சமரசம் என்று சொல்ல வேண்டுமே தவிர வெற்றி என்று சொல்லத் தயங்குவேன்.

அந்தச் சோழ ஓவியம் ஆயிரம் ஆண்டு தாங்கியதன் காரணத்தைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். சென்னை அரசு அருங்காட்சியகத்தின் வேதியியலாளர் எஸ். பரமசிவன் 1930களில் அதன் பூச்சை ஆய்ந்து, அது ஈரச் சுண்ணாம்பின்மேல் தீட்டப்பட்டது என்று காட்டினார். நீற்றிய சுண்ணாம்பு காயும்போது காற்றிலுள்ள கரியமில வாயுவை உறிஞ்சி மறுபடியும் சுண்ணாம்புக் கல்லாக மாறுகிறது. ஈரமாக இருக்கும்போதே இட்ட நிறம் அந்தக் கல்லின் தோலுக்குள் சிறைப்படுகிறது. பசை எதுவும் தேவையில்லை. ஓவியருக்குக் கிடைக்கும் நேரம் பூச்சு காய்வதற்குள் உள்ள நேரம்தான். அழித்துத் திருத்த வழியில்லை. அந்தக் கோடுகளின் துணிச்சலுக்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம்.

சுண்ணாம்பைப் பற்றிப் பேசினால் இன்றைய திருப்பணிகளைப் பற்றியும் பேசியாக வேண்டும். நம் கோயில்களில் பல, அதிட்டானமும் சுவரும் கல்லாலும், அதற்கு மேலே விமானமும் கோபுரமும் செங்கல், சுண்ணாம்புக் காரை, சுதை ஆகியவற்றாலும் ஆனவை. கடுக்காய் ஊறிய நீரும் வெல்லமும் சேர்த்து அரைத்த அந்தக் காரை, சற்று மென்மையானது. ஈரத்தை உள்ளே விடும், வெளியேயும் விடும். அதன்மேல் சிமென்ட் பூசினால் மேல்தோல் இறுகிவிடும். எங்கோ ஒரு விரிசல் வழியே புகுந்த மழைநீர் வெளியேற வழியின்றிச் செங்கல்லுக்குள் தங்கும். அதில் கரைந்த உப்புகள் காயும்போது படிகமாகி, செங்கல்லைப் பொடியாக்கும். வெளியே சிமென்ட் பளபளப்பாக நிற்க, உள்ளே கட்டடம் கரைந்துகொண்டிருக்கும். அதற்கும் மேலே எனாமல் வண்ணம் அடித்தால் கேட்கவே வேண்டாம். புதிய பொருள் பழைய பொருளைவிட வலிமையாக இருக்கக் கூடாது, நாளை தேவைப்பட்டால் பழையதற்குச் சேதமின்றிப் பிரித்தெடுக்கவும் முடிய வேண்டும் என்று பாதுகாப்புத் துறை வலியுறுத்துவது இதனால்தான். பலம் என்றால் இறுக்கம் என்று நினைக்கும் பொறியாளருக்கு இதைப் புரியவைப்பது கடினம். பழைய கொத்தனாருக்கு விளக்கமே தேவைப்படாது.

தவறு நம் நாட்டுக்கு மட்டும் உரியதன்று. ஏதென்ஸ் நகரின் பார்த்தெனான் கோயிலில் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பளிங்குத் துண்டுகளை இரும்புப் பட்டைகளால் இணைத்தார்கள். பண்டைய கிரேக்கர் இரும்பை ஈயத்தால் மூடிப் பொருத்தியிருந்தனர். புதியவர்கள் அதை விட்டுவிட்டார்கள். இரும்பு துருப்பிடித்துப் பருத்துப் பளிங்கைப் பிளந்தது. பிற்காலத்தவர் அவற்றை ஒவ்வொன்றாக எடுத்துவிட்டு டைட்டானியம் வைக்க நேர்ந்தது. கோவிந்தசாமி சோழ ஓவியத்தைக் கண்ட அதே 1931இல் அதே ஏதென்சில் கூடிய வல்லுநர் மாநாடு, பழஞ்சின்னங்களை வலுப்படுத்த இரும்புக் கம்பிக் கான்கிரீட்டை அளவறிந்து பயன்படுத்தலாம் என்று ஒப்புதல் கொடுத்தது. காலத்தின் நம்பிக்கை அப்படி.

கல்லில் படிந்த எண்ணெய்ப் பிசுக்கையும் சுண்ணாம்பையும் நீக்க மணலை வேகமாகப் பீய்ச்சி அடிக்கும் முறை தமிழ்நாட்டுக் கோயில்களில் செய்த கேட்டையும் இங்கே சொல்லிவிட்டுப் போகலாம். கல் வெள்ளையாகிவிடும், கல்வெட்டு எழுத்தின் விளிம்பும் சிற்பத்தின் நுண்மையும் அதோடு போய்விடும். போன தோல் திரும்ப வளராது.

இங்கே ஒரு நியாயமான எதிர்வாதம் எழும். இது அருங்காட்சியகம் அன்று, கோயில். பாலாலயம் செய்து, புதுப்பித்து, குடமுழுக்கு நடத்துவது ஆகமம் சொன்ன கடமை. சிதைந்ததை அப்படியே வைத்து வணங்கச் சொல்வது எந்த ஊர் நியாயம் என்று கேட்பார்கள். கேள்வி சரியானது. தொல்லியல் துறைத் தலைவராக இருந்த ஜான் மார்ஷல் 1923இல் வெளியிட்ட பாதுகாப்புக் கையேட்டிலேயே, வழிபாட்டில் இருக்கும் சின்னங்களுக்குத் தொல்லியல் நோக்கில் விரும்பத்தக்க அளவைவிடக் கூடுதலான சீரமைப்பு தேவைப்படலாம் என்று இடம் விட்டிருந்தார். 1994இல் ஜப்பானின் நாரா நகரில் உருவான ஆவணம் அந்த வாசலை இன்னும் அகலத் திறந்தது. உண்மைத்தன்மை என்பது பழைய பொருளில் மட்டும் இல்லை. வடிவம், பயன்பாடு, மரபு, தொழில்நுட்பம், உணர்வு ஆகியவற்றிலும் இருக்கலாம். அதை அந்தந்தப் பண்பாட்டின் அளவுகோலால்தான் எடைபோட வேண்டும் என்றது.

நாராவைப் பேசும் எல்லோரும் இருபது ஆண்டுக்கொருமுறை புதிதாகக் கட்டப்படும் இசே கோயிலை உதாரணம் காட்டுவது வழக்கமாகிவிட்டது. இசே உலக மரபுப் பட்டியலில் இல்லவே இல்லை. ஜப்பானியரின் உண்மையான கவலை 1993இல் பட்டியலில் ஏறிய ஹோரியூஜி போன்ற மரக் கோயில்களைப் பற்றியது. அவற்றைத் துண்டு துண்டாகப் பிரித்து, உளுத்த மரத்தை மட்டும் மாற்றி, மறுபடியும் அதேபோல் பூட்டுவது அவர்கள் முறை. எதை மாற்றினோம் என்பதைக் குறித்துவைப்பதும் அந்த முறையின் பகுதியே. நாராவைத் தங்கள் கான்கிரீட் மண்டபத்துக்குச் சான்றிதழாகக் காட்டுபவர்கள் இந்தப் பகுதியை வசதியாக மறந்துவிடுகிறார்கள்.

திருவரங்கத்து இராசகோபுரம் இந்த வாதத்துக்கு நல்ல உரைகல். விசயநகர ஆட்சியில் தொடங்கி அடித்தளத்தோடு நின்றுபோயிருந்ததை, பல நூற்றாண்டுக்குப் பின் அகோபில மடத்து சீயர் முன்னின்று 13 நிலைகளோடு, சுமார் 236 அடி உயரத்துக்கு எழுப்பி 1987இல் குடமுழுக்கு செய்தார். வெனிஸ் சாசனத்தை வைத்துப் பார்த்தால் அந்த மொட்டைக் கோபுரம் அப்படியே நின்றிருக்க வேண்டும். அடியார் பார்வையில் நின்றுபோன ஒரு கைங்கரியம் நிறைவேறியது. வேடிக்கை என்னவென்றால், தஞ்சைப் பெரிய கோயில் உலக மரபுப் பட்டியலில் ஏறியதும் அதே 1987இல்தான். கங்கைகொண்ட சோழபுரமும் தாராசுரமும் 2004இல் அதோடு சேர்ந்தன. அந்தத் தொகுப்புக்கு வைத்த பெயரிலும் ‘வாழும்’ என்ற அடைமொழி உண்டு. கோபுரத்தைக் கட்டியது தவறு என்று என்னால் சொல்ல முடியவில்லை. எந்தக் கல் பழையது, எங்கிருந்து புதியது என்று வருபவருக்குத் தெரியும்படி இருந்தால் போதும்.

புதுப்பிக்கலாமா கூடாதா என்பதைவிட, புதுப்பிக்கும் முன் என்ன செய்தார்கள் என்பதே எனக்கு முக்கியமாகப் படுகிறது. இதற்கு வெனிசுக்கும் நாராவுக்கும் போக வேண்டியதில்லை. இராசராசன் தன் 28ஆம் ஆட்சியாண்டில் திருமழபாடிக் கோயில் விமானத்தைப் பிரித்துப் புதிதாகக் கட்ட ஆணையிட்டபோது, அதன் சுவர்களில் இருந்த கல்வெட்டுகளை முதலில் ஏட்டில் படியெடுக்கச் சொன்னான். கட்டி முடித்தபின், இராசேந்திரனின் 14ஆம் ஆட்சியாண்டில் அவை புதிய சுவரில் மறுபடி வெட்டப்பட்டன. அவனுக்கும் முன்பே செம்பியன் மாதேவி, காவிரியின் வடகரையில் உள்ள திருக்கோடிகாவில் பழைய கோயிலைக் கற்றளியாக்கியபோது, பல்லவர் காலச் சாசனங்கள் உள்ளிட்ட பழைய கற்களின் வாசகங்களைப் புதுச்சுவரில் ஏற்றினார். இது பழைய கல்லிலிருந்து எடுத்த படி என்ற குறிப்பையும் கூடவே வெட்டச் செய்தார். மூலம் எது, நகல் எது என்று பார்ப்பவர் மயங்கக் கூடாது என்ற இந்த நேர்மையைத்தான் இருபதாம் நூற்றாண்டுச் சாசனங்கள் தனி விதியாக எழுதிவைத்தன.

பத்தாம் நூற்றாண்டில் ஓர் அரசி செய்ததை இன்றைய திருப்பணிக் குழு செய்வதற்குப் பெரிய செலவு ஒன்றும் ஆகாது. சாரம் கட்டுவதற்கு முன் ஒவ்வொரு சுவரையும் அளவுகோல் வைத்துப் படம் எடுப்பது, கல்வெட்டுகளை மைப்படி எடுப்பது, பழைய காரையில் ஒரு கைப்பிடி எடுத்து ஆய்வுக்கு அனுப்புவது, மாற்றிய கல்லில் ஆண்டைப் பொறிப்பது, கழித்த கல்லைச் சாலைக்குக் கொட்டாமல் வளாகத்தின் ஒரு மூலையில் அடுக்கிவைப்பது, இவ்வளவுதான். இந்த மலரைப் புரட்டுபவர்களில் பலர் ஏதாவது ஓர் ஊர்த் திருப்பணிக் குழுவில் இருந்திருப்பார்கள். வரவு செலவுக் கணக்கில் சிமென்ட் மூட்டை எத்தனை, வண்ண டப்பா எத்தனை என்று காசு பிசகாமல் எழுதியிருப்பார்கள். உரித்தெடுத்த பூச்சுக்குக் கீழே என்ன இருந்தது என்று ஒரு வரி அந்த ஏட்டில் இராது. உபயதாரர் பெயர் பொறித்த கிரானைட் பலகையை மட்டும், வாசலுக்கு நேரே, பழைய கல்வெட்டின் மேலேயே துளையிட்டு மாட்டியிருப்பார்கள்.